ஈ.ரி.யூ.வில் நின்றபடியே ஆய்வு: பாம்புக்கடியில் எதை அளப்பது?

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.ரி.யூ.வில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். அவசர மருத்துவத்தில் எம்.டி. (பட்டப்பின் படிப்பு) செய்ய விருப்பம். காலபோக நெல் வெட்டு நேரம் பாம்புக்கடி நிறைய வருகிறது. ஆய்வுகூடமோ காசோ இல்லாமல் இதை ஆய்வாகச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பயிற்சிக்குள் போகத் தெரிவுப் பரீட்சை எழுதியே ஆகவேண்டும். அச்சான கட்டுரை அதற்கு ஈடாகாது. ஆகவே படிக்கும் நேரத்தைத் தின்னாத அளவு சின்னக் கேள்வியாக எடுங்கள்.

விஷமுறிவு மருந்துக்கு முன் எதைக் கொடுத்தால் எதிர்விளைவு குறையும் என்பதற்கு 2011இல் விடை வந்ததே இலங்கை ஆஸ்பத்திரி விடுதிகளில் இருந்துதான். 1007 நோயாளிகளில் அட்ரினலின், புரோமெதசீன், ஹைட்ரோகோட்டிசோன் மூன்றையும் சோதித்தார்கள். தோலுக்கடியில் போட்ட சிறிய அளவு அட்ரினலின், கடும் எதிர்விளைவை முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைத்தது. கைப்பழக்கத்தில் போட்டுவந்த மற்ற இரண்டும் உதவவில்லை.

மருந்துச் சோதனை உங்களுக்கு இப்போது வேண்டாம். நேரத்தை அளவிடுங்கள். கடித்ததில் இருந்து மருந்து ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம், அது எங்கே போகிறது? கடித்த நேரம், முதல் ஆஸ்பத்திரி வாசல், இரத்த உறைவுச் சோதனை, மருந்து தொடக்கம், மாற்றி அனுப்பிய நேரம் என்று ஐந்து கட்டம், ஒரே தாள். பி.எச்.ரி.யில் (நோயாளியின் கட்டில் தாளில்) இருப்பது பெரும்பாலும் விடுதியில் சேர்த்த நேரம், வாசலுக்கு வந்த நேரமல்ல. எல்லாவற்றையும் ஒரே சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். ஆளுக்கொரு போன் பார்த்தால் கணக்குப் பிசகும்.

விஷத்தால் இரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கும் 20 நிமிட உறைவுச் சோதனைதான் அதிகம் கெடும் இடம். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடி ரியூப்பில் 1 மி.லீ. நாள இரத்தம் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். உறைவைத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்ரிக் ரியூப்போ சவர்க்காரத்தில் கழுவியதோ என்றால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாத ஆளுக்கு மருந்து ஏறும். இடையில் ஆட்டிப் பார்ப்பதும் அதே பிழை. புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தவரில் முதல் சோதனை சரியாக வந்தாலும் விட்டுவிடாமல் திரும்பச் செய்ய வேண்டும். எந்த ரியூப் என்றும் தாளில் எழுதுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பல் அடையாளம் உள்ளவர்கள் மட்டும் என்று வைத்தால் கட்டுவிரியன் கடி தப்பிவிடும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று வருவார். காயம் தெரியாது, உறைவும் சரியாக இருக்கும், பிறகுதான் கண்ணிமை சரியும். பாம்பின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். செத்த பாம்பு கொண்டுவந்தார்களா, போனில் படமா, வெறும் பேச்சா என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

மாற்றி அனுப்பியவரின் முடிவு உங்கள் தாளில் வெறுமையாகவே கிடக்கும். அடுத்த நாள் அந்த விடுதிக்குப் போன் எடுத்துக் கேட்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இல்லாவிட்டால் கடுமையானவர்களே கணக்கில் இருந்து விழுந்து, முடிவு உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

அனுமதியை முதலே எடுங்கள். ஆஸ்பத்திரி உள்ளக மீளாய்வுக்குப் பொறுப்பதிகாரியின் எழுத்துச் சம்மதம். வெளியிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், யாழ்ப்பாண மருத்துவ பீடம் போன்ற ஒன்றின் நெறிமுறைக் குழுவிடம் தொடங்க முன்பே போங்கள். சேர்த்துவிட்டுக் கேட்டால் சஞ்சிகை திருப்பி அனுப்பும். கூட ஒரு விசேட நிபுணர் மேற்பார்வையாளராக இருப்பது நல்லது. தாளில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும்.

“கடிச்சது எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் எல்லோரும் ஏழு, எட்டு என்று முழு மணியாகத்தான் சொல்வார்கள். “கடிச்ச உடனே ஆருக்கு போன் அடிச்சனீங்கள்?” என்று கேட்டு, அந்தப் போனில் அழைப்பு நேரத்தைப் பாருங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்திருந்தால் அந்த நேரமும் அதிலேயே இருக்கும். பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) போனார்களா என்பதை அதற்குப் பிறகு, குற்றம் சாட்டாத குரலில், சொந்தக்காரர் கொஞ்சம் விலகி நிற்கும்போது கேளுங்கள்.