ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் மரச் சிலிப்பர் கட்டைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும், உக்கினதை எப்படி மாற்றுவது?

கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் ரயில் பாதை, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மி.மீ. உள்ள அகலப்பாதை. இப்படியான பாதையில் ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 60–65 செ.மீ. விடுவார்கள். தண்டவாள மூட்டின் இருபுறமும் நெருக்கிப் போடவேண்டும்; அடி அங்கேதான் விழும்.

உக்கல் எப்போதும் மேலே தெரியாது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல கட்டை கணீரென்னும், உக்கினது பொத்தென்னும். ஆணி துளைக்குள் ஆடினாலும் மாற்றத்தான் வேண்டும். விட்டால் தண்டவாளங்கள் அகன்று சில்லு உள்ளே இறங்கிவிடும்.

அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்துக் கழற்றவே கூடாது. பக்கத்துச் சல்லிக்கற்களைத் தோண்டி, ஆணி பிடுங்கி, ஜக்கியால் தண்டவாளத்தைச் சற்றே தூக்கி, கட்டையைப் பக்கவாட்டில் இழுத்தெடுங்கள். புதியதைச் செருகியபின் தண்டவாளம் உட்காரும் இடத்துக்கு அடியில் சல்லியை நன்றாக இறுக்குங்கள். நடுவில் இறுக்கினால் கட்டை நடுவே முறியும். திருகோணமலை உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம். சல்லி அகற்றிய இடத்தில் சூடேறிய தண்டவாளம் நெளியும்.