புஷ் செய்த ஃபோல்டர் கிட்ஹப்பில் திறக்கவில்லை, ஏன்?

கேள்வி: ஹியூகோ என்ற வலைத்தளம் உருவாக்கும் கருவியில் ஒரு தளம் செய்கிறேன். தீம்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு தீமை (தளத்தின் தோற்றத்துக்கான ஃபைல் தொகுப்பு) க்ளோன் செய்து, சில ஃபைல்களை மாற்றிப் புஷ் செய்தேன். கிட்ஹப்பில் அந்த ஃபோல்டரின் பெயர் மட்டும் தெரிகிறது, திறக்க முடியவில்லை. வேறு கணினியில் க்ளோன் செய்தால் காலியாக வருகிறது. மறுபடி ஆட் செய்தாலும் எதுவும் ஏறவில்லை.

பதில்: க்ளோன் செய்த தீமுக்குள் அதற்கென்று ஒரு ‘.கிட்’ ஃபோல்டர் இருக்கிறது; மாற்றங்களின் வரலாற்றை கிட் மென்பொருள் வைத்திருக்கும் இடம் அது. அதைப் பார்த்ததும் வெளி ரெப்போ (உங்கள் தளத்தின் கிட் களஞ்சியம்), ‘இது வேறொரு ரெப்போ, உள்ளே இருப்பது என் பொறுப்பில்லை’ என்று ஒதுங்கிவிடுகிறது. ஃபைல்களுக்குப் பதிலாக, அந்த உள் ரெப்போ இப்போது எந்தக் கமிட்டில் (பதிவு செய்த நிலையில்) நிற்கிறது என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறது. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஸ்டேஜ்’ கொடுத்துப் பாருங்கள். சாதாரண ஃபைல்களுக்கு முன்னால் 100644 என்று வரும். தீமுக்கு 160000 என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். நீங்கள் மாற்றிய ஃபைல்கள் ஏறாததற்கும் இதுவே காரணம்: உள்ளே கமிட் செய்யாதவரை அந்த எண் மாறாது, வெளியே சேர்க்க எதுவும் இருக்காது.

முதல் தடவை ஆட் செய்தபோதே கிட் ஒரு நீளமான எச்சரிக்கை கொடுத்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

தீமை நீங்கள் மாற்றியிருப்பதால், அதை உங்கள் ரெப்போவுக்குள்ளேயே சேர்த்துவிடுவதுதான் நல்லது என்பேன். முதலில் ‘கிட் ஆர்எம் --கேச்டு தீம்ஸ்/தீம்பெயர்’ கொடுங்கள். ‘கேச்டு’ கட்டாயம், இல்லையென்றால் ஃபோல்டரையே அழிக்கப் பார்க்கும். அப்புறம் தீமுக்குள் இருக்கும் ‘.கிட்’ ஃபோல்டரை நீக்குங்கள். வெளியே இருப்பதை நீக்கிவிடாதீர்கள், உங்கள் முழு வரலாறும் அதில்தான் இருக்கிறது. தீமுக்குள் ஏதாவது கமிட் செய்திருந்தால் அந்த வரலாறும் போய்விடும். தேவையென்றால் முன்பே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல ஆட், கமிட், புஷ்.

தீம் ஆசிரியர் வெளியிடும் புதுப்பிப்புகளும் தொடர்ந்து வேண்டுமென்றால் சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை முறைப்படி இணைப்பது) போடலாம். ஹியூகோவின் தொடக்கக் கையேடே அந்த வழியைத்தான் காட்டுகிறது. ஆனால் உங்கள் மாற்றங்கள் இருப்பதால், தீமை உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து (சொந்த நகலாக எடுத்து), மாற்றங்களை அங்கே புஷ் செய்து, அந்த முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். மூல ரெப்போவின் முகவரியைக் கொடுத்தால், குறித்துவைத்த கமிட் அங்கே இருக்காது. மற்ற கணினியில் எடுக்கும்போது பிழை வரும். சப்மாட்யூல் சேர்ப்பதற்கு முன்னால் மேலே சொன்ன ‘கேச்டு’ கட்டளையைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாதை ஏற்கெனவே இன்டெக்ஸில் (கமிட்டுக்காக கிட் வைத்திருக்கும் பட்டியலில்) இருக்கிறது என்று கிட் மறுத்துவிடும். பிறகு க்ளோன் செய்யும்போது ‘--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.