ஆட்டோகேட் 2016-லிருந்து 2024-க்கு மாறும்போது

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் சிறிய டிராயிங் ஆபீஸ் நடத்துகிறோம். வீட்டு பிளான், ஸ்டீல் ஷெட், ஏற்காட்டுச் சரிவு மனைகளுக்கான லேஅவுட் என்று வேலை. கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேட் மென்பொருளில் 2016 பதிப்பிலிருந்து 2024-க்கு மாறியிருக்கிறோம். கோட்டை வெட்டும் டிரிம் கமாண்ட் வேறு மாதிரி வேலை செய்கிறது. பட்டறைக்கு அனுப்பும் ஃபைல் அங்கே திறப்பதில்லை. அவர்களிடம் இருப்பது 2014. சர்வேயர் தரும் கான்டூர் (சம உயரக் கோடுகள்) மேல் ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) போட்டால் கோணலாக வருகிறது. புதிய வசதிகளில் எவைதான் எங்களுக்கு உதவும்?

பதில்: பட்டறை ஃபைலில் கோளாறு எதுவும் இல்லை. ஆட்டோகேட் டிராயிங்கைச் சேமிக்கும் டிடபிள்யூஜி ஃபைலின் உள்ளமைப்பு 2018 பதிப்பில் மாறியது; 2024-லும் அதுவே தொடர்கிறது. 2013 முதல் 2017 வரையிலான பதிப்புகள் 2013 ஃபார்மட் வரைதான் படிக்கும். ஆப்ஷன்ஸில் 'ஓப்பன் அண்ட் சேவ்' பகுதிக்குப் போய், சேவ் ஆஸ் பட்டியலில் 2013-ஐத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் வகை வேலைக்கு இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே சேமித்தவற்றை டிடபிள்யூஜி கன்வெர்ட் கமாண்ட் மொத்தமாக மாற்றித் தரும். ஒரு ஃபைல் எந்த ஃபார்மட் என்று சந்தேகம் வந்தால் நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்துகளைப் பாருங்கள்: ஏசி1032 என்றால் 2018, ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

டிரிம் 2021-இல் மாறியது. முன்பு வெட்டும் கோட்டைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினோம். இப்போது டிராயிங்கில் உள்ள எல்லாக் கோடுகளுமே வெட்டும் கோடுகள். வேண்டாத துண்டைத் தொட்டால் போதும். வேகம்தான், ஆனால் ஒரு ஆபத்து உண்டு: எதையும் வெட்டாமல் தனியாக நிற்கும் கோட்டைத் தொட்டால் அது முழுதாக அழிந்துபோகும். நெருக்கமான டீடெயிலில் இது கண்ணில் படாமலே நடந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் டிரிம் கொடுத்து, டி தட்டி, வெட்டும் கோட்டை நீங்களே குறியுங்கள். பழைய முறையே நிரந்தரமாக வேண்டுமானால் டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் மதிப்பை 0 ஆக்குங்கள். டிரிம்மை உள்ளே அழைக்கும் பழைய லிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் சிறு நிரல்) ஏதாவது நின்றுபோனாலும் இந்த மதிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளாக்குகளை (ஒரு பெயரில் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடும் படத்துண்டு) செருகும் இன்செர்ட்டின் பழைய கட்டம் வேண்டும் என்பவர்களுக்கு கிளாசிக் இன்செர்ட் கமாண்ட் இருக்கிறது.

புதியவற்றில் காசு மிச்சம் பண்ணித் தருவது கவுண்ட், 2022-இல் வந்தது. ஒரு பிளாக் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணி, கவுண்ட் லிஸ்ட் பலகையிலிருந்து அப்படியே டேபிளாக டிராயிங்கில் வைக்கும். கதவு, ஜன்னல் ஷெட்யூலுக்கும் ஷெட்டின் பேஸ் பிளேட் கணக்குக்கும் பொருத்தமானது. ஆனால் உங்கள் பழைய டிராயிங்குகள் ஒழுங்காக இருந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும். ஒரே கதவு இரண்டு பெயர்களில் இருந்தால் இரண்டு வரியாக வரும். யாராவது பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து தனிக் கோடுகளாக உடைத்திருந்தால் கணக்கில் சேராது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் பிளாக்குகளைப் பிழை என்று காட்டும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள், கொட்டேஷனில் கூடுதல் பிளேட் ஏறுவது அங்கேதான்.

கம்பேர் (2019) அடுத்தது. திருத்திய பிளானையும் பழையதையும் மேலே மேலே வைத்து வேறுபாடுகளை நிறத்தில் காட்டும். வாடிக்கையாளர் "சின்ன மாற்றம்தான்" என்று சொல்லி ஃபைல் அனுப்பும் நாட்களில் இதன் அருமை தெரியும். பிடிஎஃப் இம்போர்ட் (2017) கேட் புரோகிராமிலிருந்து நேராக எடுத்த பிடிஎஃபைக் கோடுகளாக்கும்; ஸ்கேன் செய்த தாளை ஆக்காது. கொண்டுவந்ததும் தெரிந்த ஒரு சுவர் நீளத்தை வைத்து ஸ்கேல், ரெஃபரென்ஸ் மூலம் அளவைச் சரிபாருங்கள். டிரேஸ் (டிராயிங் மேல் குறிப்பு எழுதுவது), ஆக்டிவிட்டி இன்சைட்ஸ் (யார் என்ன செய்தார் என்ற பதிவு) போன்றவை ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சிறு ஆபீஸுக்கு அவசரமில்லை.

ஹேட்ச் கோணலுக்கு 2024-ஐக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்காட்டில் யூடிஎம் (சர்வேயர் இடத்தைக் குறிக்கும் உலக ஆயமுறை) எண்கள் மீட்டரில் கிழக்கு 2 லட்சத்தை ஒட்டியும் வடக்கு 13 லட்சத்தை ஒட்டியும் வரும். 0,0-விலிருந்து அவ்வளவு தூரத்தில் ஹேட்ச் கோடுகள் குலைவது பழைய பதிப்புகளிலும் உண்டு. உடனடித் தீர்வு, ஹேட்ச் ஒரிஜினை மனையின் ஒரு மூலைக்கு மாற்றுவது. நிலையான தீர்வு இது: சர்வே ஃபைலைத் தொடாதீர்கள். லேஅவுட்டைத் தனி ஃபைலில், மீட்டரிலேயே, 0,0-க்குப் பக்கத்தில் வரையுங்கள். சர்வேயை எக்ஸ்ரெஃப் (வேறு ஃபைலை இணைப்பாகக் காட்டுவது) ஆக −196000, −1303000 போன்ற முழு எண்ணில் இணையுங்கள். அதே புள்ளியை ஒரிஜினாக வைத்து 'சர்வே' என்ற பெயரில் ஒரு யூசிஎஸ் (நாமே வைத்துக்கொள்ளும் ஆய அச்சு) சேமியுங்கள். மூலைக்கல் எண் தேவைப்படும்போது அந்த யூசிஎஸ்ஸுக்குப் போய், புள்ளியின் எண்களைச் சொல்லும் ஐடி கமாண்டைக் கொடுத்தால் சர்வேயரின் எண்ணே கிடைக்கும். சர்வேயைக் கையால் நகர்த்திவிட்டு எவ்வளவு நகர்த்தினோம் என்று எழுதி வைக்காமல் போனால், கல் நடும்போது சிக்கல்தான்.

இன்னொன்று. 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாவட்டத்துக்குள்ளேயே போகிறது. சேலம் நகரம், ஓமலூர், ஏற்காடு யூடிஎம் 44-ஆம் மண்டலம். மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி 43. கிழக்கு எண் 8 லட்சத்தில் வந்தால் 43, 2 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தால் 44. மண்டலம் மாறிய இரண்டு சர்வேக்களை ஒரே ஃபைலில் சேர்த்தால் ஒன்று எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும்.

பழைய கணினியை அழிக்கும் முன் ஸ்டைல்ஸ் மேனேஜர் திறக்கும் ஃபோல்டரிலிருந்து சிடிபி (பிரிண்ட் நிறம், தடிமன்) ஃபைல்களையும், வேறு இடங்களில் உள்ள ஏகேட் டாட் பிஜிபி (கமாண்ட் சுருக்கங்கள்), உங்கள் லிஸ்ப், எஸ்ஹெச்எக்ஸ் (எழுத்துரு), ஹேட்ச் பேட்டர்ன் ஃபைல்களையும் எடுத்துவிடுங்கள். லிஸ்ப் ஃபோல்டரை டிரஸ்டட் பாத்ஸில் மறுபடி சேர்க்க வேண்டும். 2016-க்கான ஏஆர்எக்ஸ் வகைத் துணை நிரல்கள் 2024-இல் ஏறாது. விற்றவரிடம் புதியதைக் கேளுங்கள். பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துரு புதிய கணினியில் இல்லையென்றால் டைட்டில் பிளாக்கில் ஊர்ப்பெயருக்குப் பதில் ஆங்கிலக் குழப்பம்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அந்த டைட்டில் பிளாக்கை ஒருமுறை லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துருவில் யூனிகோடாகத் தட்டிவிடுவதே மேல்.