காரை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குப் பின்னால் இடித்தபோது எயார்பேக் வெடித்து அக்காவின் கழுத்தில் இரும்புத் துண்டு ஏறியது, இன்சூரன்ஸ்காரர் காரைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் நெஞ்சு பதறிவிட்டது.

தயவுசெய்து காரைக் கொடுக்காதீர்கள், அதுதான் முக்கியமான சாட்சி. ஒழுங்கான எயார்பேக்கில் இருந்து துணியும் புகையும் தூளும்தான் வரும், இரும்பு வரவே கூடாது. 2008 ஜப்பான் கார் என்பதால் டகாட்டா என்ற நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டராக, அதாவது எயார்பேக்கை ஊதவைக்கும் உலோகக் குடுவையாக, இருக்கலாம். அதில் எரிந்து வாயுவைத் தரும் அமோனியம் நைட்ரேட் வெயிலிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கெட்டு, பிறகு அளவுமீறி எரிந்து தன் உலோகக் கூட்டையே சிதறடித்துவிடும். கொழும்புப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள், 2017இல் அந்த நிறுவனமே திவாலானது. செசி நம்பரைத் தயாரிப்பாளரின் ஜப்பான் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், உங்கள் கார் அதில் அடங்குமா என்று தெரியும்.

ஆஸ்பத்திரியில் எடுத்த துண்டு எங்கே? அதைக் கேட்டு வாங்குங்கள், கழுவ வேண்டாம். பொலிஸ் முறைப்பாடும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் கையில் இருந்தால் வக்கீலிடம் பேச வசதியாக இருக்கும். சீட் பெல்ட்டையும் முழுக்க இழுத்துப் படமெடுங்கள், தோளுக்கு மேல் வளையம் உரசிய இடத்தில் நாடா உருகினாற்போல் பளபளத்தால் அக்கா பெல்ட் போட்டிருந்தா என்பதற்கு அது நல்ல சாட்சி.

அப்புறம், பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய எயார்பேக் எடுத்துப் போடலாம் என்று கராஜ்காரர் சொன்னாராம், வேண்டவே வேண்டாம். அதுவும் இதே டகாட்டாவாக இருந்தால்?