டீச்சரின் தொட்டிகள்: இந்த மாதம் பெரணிக் கேள்விகள்

போன இதழில் வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரணியை, அதாவது ஃபெர்னைப் பற்றியவை. அதனால் ரோஜாக்காரர்களும் மாடித் தக்காளிக்காரர்களும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். நாகர்கோவிலில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் பெரணிப் பாடம் வந்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இப்போது அதே பிள்ளைகள் 400 ரூபாய் கொடுத்து வாங்கி, சாகிறதே என்று எனக்கு எழுதுகிறார்கள்.

டீச்சர், மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ஒரு பாஸ்டன் ஃபெர்ன் வாங்கி வந்தேன். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் நுனியெல்லாம் பழுப்பாகி, தொட்டால் இலை பொலபொலவென்று கொட்டுகிறது. மதுரை வெயில் இதற்கு ஒத்துவராதா? (வாசகி, மதுரை)

மதுரை வெயிலைத் திட்ட வேண்டாம். பாஸ்டன் பெரணியின் பூர்வீகம் குளிர்ப் பிரதேசம் இல்லை. அதன் தாய் இனம் ஃபுளோரிடா, மேற்கிந்தியத் தீவுகள், தென் அமெரிக்கா என்று வெப்பமான இடங்களில் தானாக வளர்வது. 1894-இல் பாஸ்டன் நகரத்துக்குப் போன ஒரு கட்டுச் செடிகளில் ஒன்று மட்டும் இலையை விறைப்பாக நிமிர்த்தாமல் வளைத்துத் தொங்கவிட்டிருந்தது. அதைப் பிரித்துப் பெருக்கியதால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, சூடு அதற்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது காய்ந்த காற்று. அதிலும் ஊட்டித் தோட்டத்தின் ஈரத்தில் வளர்ந்த செடியை ஒரே நாளில் மதுரைக்கு இறக்கி, விசிறிக்குக் கீழே மாட்டினால் என்ன ஆகும்? இலையிலிருந்து போகிற ஈரத்தின் வேகத்துக்கு வேரால் தண்ணீரை ஏற்றிக் கொடுக்க முடியாது. நுனிதான் கடைசி வீடு. அங்கேதான் முதலில் குழாய் வறளும்.

நீங்கள் செய்ததோ, இலை கேட்டதை வேருக்குக் கொடுத்தது. இரண்டு வேளைத் தண்ணீரில் மண் சேறாகி, காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, இலை இன்னும் காயும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். எனக்கு வரும் பெரணிக் கடிதங்களில் முக்கால்வாசி இந்தக் கதைதான்.

இப்போது செய்ய வேண்டியது. தொட்டியை விசிறியிலிருந்து எடுத்து, கிழக்கு அல்லது வடக்கு ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நேர் வெயில் படக் கூடாது. ஆனால் விளக்குப் போடாமல் அங்கே உட்கார்ந்து இந்தப் பத்திரிகையைப் படிக்க முடிய வேண்டும். அந்த அளவு வெளிச்சம் போதும். பழுத்த இலைகளைக் கத்தரித்துவிடுங்கள். எல்லாமே பழுத்திருந்தால் இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக மொட்டை அடித்தாலும் பரவாயில்லை. நடுவில் பச்சைச் சுருள் ஒன்று எட்டிப் பார்த்தால் செடி பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஒரு மண்தொட்டி வேலை. இப்போதுள்ள தொட்டியைவிட நாலு விரல் பெரிதாக, சாயம் பூசாத மண்தொட்டி ஒன்று வாங்குங்கள். சின்னத் தொட்டியை அதற்குள் வைத்து, இடைவெளியில் ஆற்று மணலைக் கொட்டி, மணலை எப்போதும் ஈரமாக வையுங்கள். செடி இருக்கும் தொட்டிக்கு, மேல்மண்ணில் விரலை ஒரு கணு விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாத நாளில் மட்டும் தண்ணீர். மணல் ஈரம் மண்தொட்டியின் சுவர் வழியாகக் கசிந்து, பானைத் தண்ணீர் குளிர்வது போலவே சுற்றுக் காற்றையும் கொஞ்சம் குளிர்வித்து ஈரமாக்கும். பக்கத்தில் நாலைந்து செடிகளைக் கூட்டி வைத்தால் இன்னும் நல்லது. தெளிப்பான் வாங்கி இலையில் பீச்சுவதால் உங்கள் மனசு குளிரும், அவ்வளவுதான். மதுரைக் காற்றில் அந்தத் துளி சில நிமிடங்கள்கூட நிற்காது.

மண் மாற்றுவதை ஐப்பசி மழைக்கு ஒத்திப்போடுங்கள். அடுத்த முறை பெரணி வாங்க ஆசை வந்தால் மலையில் வாங்காதீர்கள். உங்கள் ஊர் நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் ஒரு கோடையைத் தாண்டிய செடியாகக் கேட்டு வாங்குங்கள். பார்க்கக் கொஞ்சம் மெலிந்திருக்கும். அதுதான் நிற்கும்.

எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர்தான். ஆர்ஓ மெஷினிலிருந்து வீணாகும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா? ஏசி தண்ணீரையும் வாளியில் பிடிக்கிறேன். படுக்கையறையில் இரவு முழுக்க ஏசி ஓடும். அங்கே பெரணி வைக்க முடியுமா? (வாசகர், வேளச்சேரி)

உப்பை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுக்கும் மெஷின், எடுத்த உப்பை எங்கே வைக்கும்? அந்தக் கழிவுக் குழாயில்தான். உங்கள் போர்வெல் நீரில் உப்பளவு லிட்டருக்கு 800 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீர் வந்தால், மீதி இரண்டு லிட்டரில் ஏறக்குறைய 1200 இருக்கும். வாழைக்கு, தென்னைக்கு விடுங்கள், தரையைக் கழுவுங்கள். பெரணிக்கு ஒரு சொட்டும் வேண்டாம். உப்பு தொட்டியில் சேரச் சேர இலை விளிம்பு கருகும்.

ஏசி தண்ணீர் நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பே கிடையாது எனலாம். வாளியில் பிடித்து, குளிர் போன பிறகு ஊற்றுங்கள். பெரணிக்கு மழைநீருக்கு அடுத்து அதுதான். ஆனால் அதில் சத்தும் கிடையாது. மாதம் ஒருமுறை 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது கொடுங்கள். அதற்கு மேல் தாராளம் கூடாது.

கோகோபீட் (தென்னை நார்த் தூள்) கலவை போடுவதாக இருந்தால் அதையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மலிவான கட்டிகளில் உப்பு இருக்கும். அலசிய கோகோபீட் இரண்டு பங்கு, மட்கிய இலை இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கை உடைத்த அடுப்புக்கரி. எனக்கு இது போதும். தோட்ட மண் சேர்த்தால் இறுகிவிடும். வடிகட்டிய டீத்தூளைக் கொட்டுகிறவர்களுக்கு: அதில் சர்க்கரை இருந்தால் எறும்பு வரும், எறும்பு வந்தால் மாவுப்பூச்சியையும் கூட்டிவரும்.

ஏசி ஓடும் படுக்கையறைக்கு வழி ஒன்றுதான், கண்ணாடி. 1829-இல் லண்டனில் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவருக்கு மண்ணிலிருந்து ஒரு பெரணி முளைத்து வந்தது. லண்டன் புகையில் வெளியே வைத்த பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்த காலம் அது; மூடிய போத்தலில் இருந்தது மட்டும் செழித்தது. பிற்பாடு தேயிலைக் கன்றுகள் சீனாவிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததே அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான். உங்களுக்குப் பெட்டி வேண்டாம், பழைய கண்ணாடி ஊறுகாய் ஜாடி போதும். அடியில் கரித்துண்டு, மேலே கலவை, சின்னப் பெரணி ஒன்று. மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். கண்ணாடியில் எப்போதும் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் அதிகம். ஒருநாள் முழுக்கத் திறந்து விடுங்கள். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும்.

மாடியில் தானாக முளைத்த பெரணியின் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அம்மா பூச்சி என்று சொல்லி வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்கிறார். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். (மாணவர், தஞ்சாவூர்)

மக்கா, அம்மா கையிலிருந்து வேப்பெண்ணெயை முதலில் வாங்கி வை. பெரணி இலை மெல்லியது, எண்ணெய் பட்டால் கருகும்.

நகத்தால் சுரண்டிப் பார். செதில் பூச்சி என்றால் முழுசாகப் பெயர்ந்து வரும், பிசுபிசுக்கும்; காம்பிலும் நரம்பிலும் கண்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும். நீ சொல்வது வரிசை தவறாமல் இருக்கிறது, அதுவும் இலையின் அடியில் மட்டும். அவை வித்துப்பைக் கொத்துகள். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. எல்லாம் அந்தப் பைகளில் இருக்கும் வித்துத் தூள்தான். சில வகையில் புள்ளி, சில வகையில் இலை ஓரத்தில் கோடு. நம் ஊர்ப் பழைய சுவர்களில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி கோடு போட்ட வகை. அது மண்ணிலிருந்து ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அதை ஆடு மேயாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். புள்ளி நன்றாகப் பழுத்த இலை ஒன்றை வெள்ளைத் தாளில் மடித்து இரண்டு நாள் வை. பழுப்புத் தூள் கொட்டியிருக்கும். ஒரு செங்கல் துண்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஆறிய பின் தட்டில் தண்ணீர் விட்டு அதில் நிறுத்து. தூளைச் செங்கல் மேல் ஊதி, கண்ணாடிக் குவளையால் மூடு. சில வாரத்தில் பச்சைப் படலம் வரும். உற்றுப் பார்த்தால், விரல் நகத்தைவிடச் சின்னதாக இதய வடிவத் தட்டுகள். உன் பாடப்புத்தகத்தில் புரோதாலஸ் என்று படம் போட்டிருப்பார்களே, அதுதான். ஆண் அணு நீந்திப் போய்ச் சேர அதன் மேல் ஒரு படலம் தண்ணீர் வேண்டும். அதனால்தான் பெரணி இன்னமும் ஈரத்தை விட்டு விலகாமல் இருக்கிறது. முதல் குட்டி இலை எழும்ப மாதங்கள் ஆகும். ஆண்டுத் தேர்வுக்கு முன் தொடங்கு.

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கினேன். சூப் வைத்தது போக ஒன்று மீதி இருக்கிறது. நட்டால் வளருமா? (வாசகர், நாமக்கல்)

இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் முடவாட்டுக்கால் சூப் குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது பெரணி என்று தெரியும்? பாறையிலும் மரத்திலும் ஒட்டி ஊரும் பெரணியின் தண்டு அது. மேலே ரோமம் இருப்பதால் ஆட்டுக்கால் போலத் தோன்றுகிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் தென்னை மரத்தில் படர்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். மூட்டு வலிக்கு நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள், அதற்கு வைத்தியர் இருக்கிறார்.

வளருமா என்றால், நுனியைப் பாருங்கள். பொன்னிறப் பஞ்சு போல ரோமம் அடர்ந்த முனை உயிரோடு இருந்தால் வளரும். தோல் சீவியது, இரு பக்கமும் வெட்டியது என்றால் சூப்புக்கே அனுப்புங்கள். மண்ணில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓடு, கரி இவற்றை அகலமான தொட்டியில் நிரப்பி, கிழங்கை மேலே கிடத்திச் சணல் கயிற்றால் கட்டுங்கள். மரத்துண்டில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் அழகு. வெளிச்சமான நிழல் வேண்டும். தண்ணீர் விட்டால் வடிந்து காய நேரம் கொடுங்கள்.

இதற்கு இரண்டு விதமான இலை வரும். அடியில் குட்டையாக, சீக்கிரமே பழுப்பாகிச் சருகு போல நிற்கும் இலை ஒன்று. அது செத்த இலை என்று பிய்த்துவிடாதீர்கள். விழும் தூசியையும் சருகையும் ஏந்திப் பிடித்து மட்கவைத்துத் தனக்குத்தானே எரு சேர்க்கும் கூடை அது. இன்னொன்று உயரமாக எழும் பச்சை இலை. பங்குனி, சித்திரையில் அந்தப் பச்சையெல்லாம் உதிர்ந்து நடுநரம்பு மட்டும் குச்சி குச்சியாக நிற்கும். பாதிப் பேர் அப்போதுதான் செடியைக் குப்பையில் போடுகிறார்கள். தண்ணீரைக் குறைத்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள், தளிர்க்கும். சமவெளியில் கடையில் வாங்கிய எந்த வெளிநாட்டுப் பெரணியையும்விட இது கெட்டிக்காரச் செடி என்பது என் கட்சி.

ஒன்றே ஒன்று. மலையில் இப்போது மூட்டை மூட்டையாக இறங்குகிறது. பாறையில் மெதுவாக ஊர்ந்து வளர்கிற தண்டு அது. வளர்க்க ஒன்று போதும்; அந்த ஒன்றையே நாளைக்குப் பிரித்து அக்கம்பக்கத்தில் கொடுங்கள்.

ஃபெர்ன் வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதாமே? (வாசகி, கோவை)

1989-இல் நாசா செய்தது, அடைத்த சின்னப் பெட்டிக்குள் வைத்து நடத்திய சோதனை. உங்கள் வீட்டுக்குக் கதவு, ஜன்னல் இருக்கிறது. 2019-இல் வெளியான ஒரு ஆய்வு பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டது. கட்டடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் வெளிக்காற்றுக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, அதிகம் போனால் 1000 செடி தேவைப்படுமாம். பெரணியை அழகுக்கு வையுங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

கல்யாணப் பூங்கொத்தில் வைக்கும் ஊசி ஊசியான ஃபெர்னை வளர்க்கிறேன். அதில் காய் காய்த்திருக்கிறது! வீட்டில் பூனை இருக்கிறது, பயமா? (வாசகி, திருச்சி)

காய்த்தது என்றால் பெரணியே இல்லை. அது ஆஸ்பராகஸ், நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தம். வெயிலும் கொஞ்சம் தாங்கும். அந்தக் காய் பூனைக்கு ஆகாது, பறித்துப் போடுங்கள் அல்லது எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். பூனை கடித்தாலும் கெடுதல் இல்லாதது வேண்டுமென்றால் பாஸ்டன் பெரணி வாங்குங்கள். பூனையால் பெரணிக்கு வரும் கெடுதலுக்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் பழைய கிணற்றின் உள்சுவரில் கறுப்புக் காம்போடு மெல்லிய பெரணி அடர்ந்திருக்கிறது. பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் ஒரு வாரத்தில் சுருண்டுவிடுகிறது. (வாசகர், அம்பாசமுத்திரம்)

அது அடியாண்டம். தண்ணீரில் முக்கி எடுத்தாலும் இலையில் ஈரம் ஒட்டாது, செய்து பாருங்கள். கிணற்றுக்குள் குளிர்ச்சி, ஈரக் காற்று, நேர் வெயில் இல்லை, காரையிலிருந்து கசியும் சுண்ணாம்பு என்று அதற்கு எல்லாம் அமைந்திருக்கிறது. அதைக் கூடத்தில் தர உங்களால் ஆகாது. ஜன்னல் உள்ள குளியலறை இருந்தால் மட்டும் முயலுங்கள். செடியைப் பிடுங்காமல், பெயர்ந்து நிற்கும் காரைத் துண்டோடு மழைக்காலத்தில் எடுத்து, அந்தத் துண்டோடேயே தொட்டியில் பதியுங்கள். இலை முழுக்கச் சுருண்டாலும் அடியில் தண்டு உயிரோடு இருக்கும். கத்தரித்துவிட்டு ஈரம் காயாமல் ஒரு மாதம் பாருங்கள். கிணற்றைத் தூர் வாருகிறவர்களிடம், சுவரைச் சுரண்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கிணற்றில் நீங்களாக இறங்க வேண்டாம்.