ஏற்காட்டு லேப்ரடாருக்கு இன்சூரன்ஸ்: உண்ணிக் காய்ச்சலை மறைக்காதீர்கள்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் லேப்ரடாருக்கு இரண்டரை வயது. போன வருஷம் உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்தான். இன்சூரன்ஸ் எடுத்தால் எல்லா வைத்தியத்துக்கும் பணம் வரும், காய்ச்சல் வந்ததை மட்டும் எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா டாக்டர்?"

எடுக்கலாம் அம்மா. ஆனால் காய்ச்சலை மறைத்து எடுக்காதீர்கள். கிளெய்ம் என்று வந்ததும் கம்பெனி முதலில் கேட்பது நாயின் பழைய சீட்டையும் தடுப்பூசி அட்டையையும்தான், அதில் போன வருஷ ரத்தப் பரிசோதனையும் டாக்ஸிசைக்ளின் என்ற உண்ணிக் காய்ச்சல் மருந்து எழுதியதும் இருந்தால், காய்ச்சலுக்குச் சம்பந்தமே இல்லாத எலும்பு முறிவுக்குக்கூட பணம் நின்றுபோகலாம். உண்ணிக் காய்ச்சல் கிருமி உடம்புக்குள்ளேயே பதுங்கியிருந்து மாதக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும், அதனால் அதை முன்பே இருந்த நோய் என்று ஒதுக்கத்தான் பார்ப்பார்கள். உள்ளதை எழுதுங்கள், அதை எந்த அளவுக்கு விலக்குகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், பாலிசி எதற்குப் பணம் தருகிறது என்று பாருங்கள். சிலவற்றில் நாய் இறந்தால் மட்டுமே தொகை, ஆடுமாடு இன்சூரன்ஸ் மாதிரி. சிகிச்சைக்கு ஒரு பைசா வராது. வேறு சிலவற்றில் ஆபரேஷனும் உள்நோயாளி சிகிச்சையும் இருக்கும், வெளிநோயாளிச் செலவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என்னிடம் உண்ணிக் காய்ச்சலோடு வரும் நாய்களில் பெரும்பாலானவை ஓரிரவுகூட தங்குவதில்லை. ஈறு வெளுத்து, சோறு தொடாமல், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்து மூக்கில் ரத்தம் கசிந்து வரும். காலையில் டிரிப் ஏற்றிச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவேன், மறுநாள் மறுபடி கொண்டுவருவார்கள், மாத்திரை நாலு வாரம் ஓடும். செலவெல்லாம் இப்படிச் சில்லறை சில்லறையாகப் போவதுதான். அட்மிஷன் இருந்தால்தான் தருவோம் என்கிற பாலிசியில் இதற்கு எதுவும் தேறாது.

பணத்தை நீங்கள் கட்டிவிட்டு பில் கொடுத்துத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாலும் நடைமுறை. எனவே கையில் பணம் வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய் போன்றவற்றுக்கு ஊசி தவறியிருந்தால் அந்த நோய்களுக்குப் பணம் எதிர்பார்க்காதீர்கள். கருத்தடை, பல் சுத்தம் செய்வதெல்லாம் வழக்கமாகச் சேராது. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம், பாலிசியில் பரம்பரை நோய்களும் சேருமா என்று கேளுங்கள். மருத்துவ இன்சூரன்ஸுக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு நாய்க்குக் கிடையாது.

எஸ்டேட் நாய்க்கு நான் கட்டாயம் வேண்டும் என்பது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பு. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் கேட் திறந்திருந்து உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் அந்தச் செலவு வைத்தியச் செலவைவிடப் பெரிதாகப் போகலாம். கொண்டை ஊசி வளைவில் வண்டி அடிப்பது, காட்டெருமை முட்டுவது, பாம்புக்கடி இதெல்லாம் விபத்துக் கணக்கில் வருமா என்பதையும் மெயிலில் கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்குங்கள்.

என் முடிவு இது: விபத்து, ஆபரேஷன், மூன்றாம் நபர் பொறுப்பு மூன்றும் இருக்கிற பாலிசியை எடுங்கள். பெரிய இன நாய்களுக்குச் சேரும் வயது வரம்பு சீக்கிரம் முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலுக்குப் பாலிசியை நம்பாமல் போஸ்ட் ஆபீஸில் மாதம் ஒரு தொகை ஆர்டி என்கிற தொடர் சேமிப்பில் போடுங்கள். செலவு கைமீறினால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலிலும் ஒரு கல்லூரி இருக்கிறது.

மழைக்காலம் முடியும்வரை தினமும் காது மடலைப் புரட்டிப் பாருங்கள், விரல் இடுக்கிலும் பாருங்கள். ரத்தம் குடித்து ஊதிய உண்ணி கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும், ஆனால் காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போவது எள் அளவுக் குட்டி உண்ணியாகவும் இருக்கலாம். விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த ஊசிக்கு வரும்போது நாயின் அடையாள எண் உள்ள மைக்ரோசிப்பும் போட்டுவிடலாம், அரிசி மணி அளவுதான், தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரே குத்து. அந்த 15 இலக்க எண் பாலிசியிலும் தடுப்பூசி அட்டையிலும் ஒன்றாக இருந்தால், இது அந்த நாயே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.