துருக்கிக்குப் புறப்படுமுன் எதைப் படிப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வரும் சித்திரையில் மகளுடன் பத்து நாள் துருக்கி செல்கிறேன். ஏழு நாள் இஸ்தான்புல், மூன்று நாள் கப்படோக்கியா. புறப்படுமுன் எந்தெந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்? ஆங்கிலம் வாசிப்பேன், தமிழில் கிடைத்தால் கூடுதல் மகிழ்ச்சி. – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒரு நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. ஆகவே பயண நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் உண்மையில் போய் நிற்கப்போகும் நான்கைந்து இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் நடக்கும் ஒரு கதையோ, அங்கே வளர்ந்த ஒருவர் எழுதிய நினைவுகளோ இருந்தால் அவையே உங்களுக்கான புத்தகங்கள். அவற்றிலும், அந்த ஊர்க்காரர் தம் ஊர்க்காரர்களை மனத்தில் வைத்து எழுதியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். விருந்தாளிக்காக எழுதப்பட்ட நூலில் கூடம் மட்டுமே திறந்திருக்கும்; வீட்டாருக்காக எழுதப்பட்ட நூலில் அடுப்பங்கரை வரைக்கும் போய்வரலாம்.

இஸ்தான்புல்லைப் பொறுத்தவரை தமிழ் வாசகர்கள் கொடுத்துவைத்தவர்கள். துருக்கிய நாவலாசிரியர் ஓரான் பாமுக்கின் முக்கியமான நூல்கள் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடுகளாக வந்துள்ளன. 2003இல் துருக்கிய மொழியில் வெளியான அவருடைய ‘இஸ்தான்புல்’ நினைவு நூலிலிருந்து தொடங்குங்கள். பாஸ்ஃபரஸ் நீரிணையில் போகும் கப்பல்களைச் சன்னல் வழியே எண்ணிக்கொண்டிருக்கும் சிறுவனையும், கரையோர மர மாளிகைகள் தீப்பற்றி எரிவதை வேடிக்கை பார்க்கத் திரளும் மக்களையும் அதில் காண்பீர்கள். ஒரு பேரரசை இழந்த நகரம் முழுவதும் சேர்ந்து சுமக்கும் துயரத்துக்கு அவர்கள் ‘ஹூசுன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பாமுக் அந்தச் சொல்லுக்கு ஓர் அத்தியாயத்தையே கொடுத்திருக்கிறார். அதை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

அடுத்ததாக ‘என் பெயர் சிவப்பு’. 1591ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சுல்தானின் ஓவியக்கூடத்தில் பணிபுரியும் நுண்ணோவியர்களுக்கிடையே நடக்கும் கொலையைச் சுற்றிய நாவல் அது. பிணமும், நாயும், மரமும், காசும், சிவப்பு நிறமும் முறைவைத்துக் கதை சொல்லும். பெரிய நூல், முதல் நூறு பக்கங்களில் சற்றுப் பொறுமை வேண்டும். ஆசிரியையாக இருந்தவருக்கு அது அரிதன்று. இதைப் பரிந்துரைப்பதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம்.

முதல் முறை இஸ்தான்புல் சென்றபோது வழிகாட்டி நூல் ஒன்றைத் தவிர வேறெதையும் நான் படித்திருக்கவில்லை. அயா சோஃபியா என்னும் பழம்பெரும் கட்டடத்துக்கு அருகில், பழைய ரோமானியத் தேரோட்ட மைதானம் இருந்த சதுக்கத்தில், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில், இரும்புக் கம்பி வேலிக்குள் சுமார் 5 மீட்டர் உயர வெண்கலத் தூண் ஒன்று நிற்கிறது. மூன்று பாம்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டதுபோன்ற தூண். மேலே தலைகள் இல்லை. கி.மு. 479இல் பாரசீகரை வென்றதற்காகக் கிரேக்கர்கள் டெல்ஃபியில் நிறுவியது, பிற்பாடு இங்கே கொண்டுவரப்பட்டது என்று கையேட்டில் இருந்தது. படித்தேன், படம் எடுத்தேன், நகர்ந்துவிட்டேன்.

அந்த நாவலைப் படித்த பின்னர் மறுமுறை சென்றேன். அதில் வரும் தலைமை ஓவியர் உஸ்மான், வரலாற்றில் வாழ்ந்த உண்மையான மனிதர். 1582இல் சுல்தான் மூன்றாம் முராத் தம் மகனின் சுன்னத்து விழாவை அதே சதுக்கத்தில் ஐம்பது நாள்களுக்கு மேல் கொண்டாடியபோது, அந்த விழாவை நூலாக வரைந்தது உஸ்மானின் ஓவியக்கூடம். கண்ணாடி ஊதுவோரும் நெசவாளரும் சமையற்காரரும் தத்தம் தொழிலைச் செய்துகாட்டியபடி ஊர்வலமாகச் செல்லும் அந்த ஓவியங்களில், பாம்புத் தூணுக்குத் தலைகள் இருக்கின்றன. அவை ஒடிந்தது 1700ஐ ஒட்டித்தான். ஒன்றின் மேல்தாடை இன்றும் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த முறை வேலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருந்தேன். உஸ்மானும் அவருடைய சீடர்களும் நின்று பார்த்த இடத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் என்னை அங்கிருந்து நகரவிடவில்லை.

கப்படோக்கியாவுக்கெனத் தனிப் புத்தகம் தேட வேண்டாம். பாறையைக் குடைந்த தேவாலயங்களின் சுவரோவியங்களைப் பற்றி நான்கு பக்கம் படித்துக்கொண்டால் போதும். மற்றதை அந்த நிலமே காட்டிவிடும்.

கேள்வி: ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள வரலாற்று நூல்கள் இருக்க, கற்பனைக் கதைகளை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வரலாற்று நூல் ஒன்றேனும் அவசியம் வேண்டும். 1453இல் ஆட்டோமான் துருக்கியர் இஸ்தான்புல்லை (அன்றைய கான்ஸ்டான்டிநோபிளை) முற்றுகையிட்டுக் கைப்பற்றியதைப் பற்றி ஸ்டீவன் ரன்சிமன் 1965இல் எழுதிய நூல் அளவில் சிறியது; நடையில் நாவலுக்குக் குறைந்ததன்று. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே 29 வரை நடந்த முற்றுகை அது. தங்கக் கொம்பு எனப்படும் கடற்கழியின் வாயில், நகரை அதுவரை ஆண்டுவந்த பைசாந்தியர்கள் இரும்புச் சங்கிலியைக் கட்டி வழியை அடைத்தார்கள். இருபத்தொரு வயதுச் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தம் கப்பல்களைக் கரையேற்றி, மேட்டின் மீது இழுத்துச்சென்று, சங்கிலிக்கு உட்புறம் இறக்கினார். அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ராணுவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டுப் போய் அவற்றின் பருமனைப் பாருங்கள்.

ஆனால் பெரும்பாலான பயணிகள் 1453உடன் நின்றுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். நீங்கள் சந்திக்கப்போகும் மனிதர்களை உருவாக்கியது 1923க்குப் பிந்தைய குடியரசு. 1928இல் அரபு எழுத்துகள் கைவிடப்பட்டு லத்தீன் எழுத்துகள் புகுத்தப்பட்டன. பழைய இஸ்தான்புல்லில் தெருமுனைதோறும் பளிங்கு நீரூற்றுகள் இருக்கின்றன. கட்டியவர் பெயரும், ஆண்டும், ஒரு செய்யுளும் அவற்றின் நெற்றியில் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் அதன் பொருளைக் கேட்டால் அவரால் பெரும்பாலும் வாசிக்க முடியாது. தம் கொள்ளுப்பாட்டனார் எழுதிய கடிதத்தையே வாசிக்க முடியாத ஒரு தலைமுறை எப்படி வாழும் என்பதை ஆண்டுகளின் பட்டியல் உணர்த்தாது. அதற்கு இலக்கியத்திடம்தான் போக வேண்டும். பழைய உலகத்துக்கும் புதிய உலகத்துக்கும் நடுவே நின்று தவிக்கும் மனிதர்களை அறிய அஹ்மத் ஹம்தி தன்பினார் 1949இல் வெளியிட்ட ‘ஹூசூர்’ நாவலைப் படியுங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஊர்ப்புறத்து ஏழை உழவரின் துருக்கியை அறிய விரும்பினால் யாஷார் கெமாலின் ‘இன்ஜே மெமெத்’. ஆகாக்கள் எனப்படும் பெருநிலக்கிழார்களின் பிடியில் சிக்கிய சுகுரோவாச் சமவெளியின் கதை அது. சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை என்பதால் அதைப் படிப்பது இன்னும் முக்கியம்.

கேள்வி: இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பியப் பயணிகளின் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கலாமா? – ஒரு வாசகி, சென்னை

பதில்: படிக்கலாம், எழுதியவர் எந்த வாசல் வரை போக முடிந்தது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். அந்நிய ஆண்கள் நுழையவே முடியாத அந்தப்புரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் ஏராளம். ஆங்கிலத் தூதரின் மனைவியாகச் சென்ற மேரி வோர்ட்லி மான்டேகு தம் கடிதங்களில் இதையே கண்டிக்கிறார். அவர் பெண்களின் குளியல் மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் நேரில் சென்றவர். 1717இல் எழுதிய கடிதம் ஒன்றில், பெரியம்மையைத் தடுப்பதற்காக முதிய பெண்கள் ஒரு கொட்டையின் சிறு ஓட்டில் அம்மைப்பாலை எடுத்துவந்து, ஊசியால் நரம்பைத் திறந்து உள்ளே வைப்பதை விவரிக்கிறார். அடுத்த ஆண்டு தம் மகனுக்கே அதைச் செய்வித்தார். பிறகு அந்த முறையை இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். இத்தகைய நூல் நூற்றில் ஒன்று.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். 1919இல் சுல்தானஹ்மத் சதுக்கத்தில் பெருங்கூட்டத்தின் முன் அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பேசிய எழுத்தாளர் ஹாலிதே எதீப், 1935இல் இந்தியாவுக்கு வந்து, டெல்லி ஜாமியா மில்லியாவில் உரைகள் நிகழ்த்தி, காந்தியைச் சந்தித்து, நம் நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். துருக்கியருள் ஒருவர் நம்மை எப்படிப் பார்த்தார் என்று படித்துவிட்டு அங்கே போவது ஒரு மரியாதை என்று நினைக்கிறேன்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள 2015ஆம் ஆண்டு வழிகாட்டி நூலைத் தருகிறார். போதுமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்டடங்களின் வரலாற்றுக்குப் போதும், நடைமுறைக்குப் போதாது. அதில் அயா சோஃபியா அருங்காட்சியகம் என்றிருக்கும். 2020 முதல் அது மீண்டும் பள்ளிவாசல். கரியே தேவாலயமும் 2024இல் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது. தொழுகை நேரம், உடை, நுழைவு வழி எல்லாம் மாறிவிட்டன. லிரா மதிப்பு வீழ்ந்துவிட்டதால் விலைகளை அடித்துவிட்டே படிக்க வேண்டும்.

கேள்வி: புத்தகத்தில் படித்த ஊர் நேரில் இல்லாமல் போனால் ஏமாற்றமாக இராதா? மேலும் என் மகனுக்கு வாசிப்புப் பழக்கமே இல்லை; அவனையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது? – ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: இருக்கும். பாமுக் பிறந்த காலத்தில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் இன்று ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர் எழுதிய மர மாளிகைகளில் பல இன்று இல்லை. ஆனால் இல்லாமற்போனது இன்னதென்று தெரிந்து நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதியே. காரக்கோய் படகுத்துறையிலிருந்து காதிக்கோய் படகுத்துறைக்குப் படகில் செல்லுங்கள். இருபது நிமிடப் பயணம். இடையே, கடலுக்குள் இறங்கும் கற்படிகளோடு ஹைதர்பாஷா ரயில் நிலையம் தெரியும். நாசிம் ஹிக்மத் பெரும்பாலும் சிறையில் இருந்தபடி எழுதிய ‘மானுட நிலக்காட்சிகள்’ என்னும் நெடுங்கவிதை, 1941ஆம் ஆண்டு வசந்தத்தில் அந்தப் படிகளில்தான் தொடங்குகிறது. குடியுரிமை பறிக்கப்பட்டு மாஸ்கோவில் 1963இல் இறந்த அந்தக் கவிஞருக்கு 2009இல்தான் குடியுரிமையைத் திரும்பக் கொடுத்தார்கள். 2013இல் அந்த நிலையத்துக்கு ரயில்கள் வருவது நின்றுபோனது. முதற்சில பக்கங்களைப் படித்துவிட்டுப் படகின் மேல்தளத்தில், துலிப் வடிவக் கண்ணாடிக் குவளையில் தேநீரோடு உட்காருங்கள். ஏமாற்றம் வேறொன்றாக மாறிவிடும்.

மகனுக்குப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். நீங்கள் பாமுக்கின் ‘மாசற்ற தன்மையின் அருங்காட்சியக’த்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அவனுக்குக் கதையாகச் சொல்லுங்கள். காதலியை இழந்த ஒருவன் அவள் தொட்ட பொருள்களையெல்லாம் சேர்த்துவைக்கும் கதை. 2012இல் பாமுக் அந்தக் கதைக்கு உண்மையாகவே ஓர் அருங்காட்சியகத்தை, இஸ்தான்புல்லின் சுகுர்ஜுமா பகுதியில் செந்நிறம் பூசிய ஒரு பழைய வீட்டில் அமைத்தார். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க அவள் புகைத்ததாகச் சொல்லப்படும் 4,213 சிகரெட்டுத் துண்டுகள் ஊசி குத்தி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்தில் ஒரு சிறு குறிப்பு. கதையைக் கேட்டவன் அந்தச் சுவரை எளிதில் கடந்துபோக மாட்டான். நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு நுழைவுச்சீட்டு அச்சாகியிருக்கிறது. வாசலில் அந்தப் பக்கத்தைக் காட்டினால் முத்திரை குத்திக் கட்டணமின்றி உள்ளே விடுவார்கள். ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கனமான புத்தகம்தான். இருந்தாலும் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் அந்தப் பக்கத்தை மகனே எடுத்து நீட்டட்டும்.